சேலத்து கிளாசில் ரெண்டு இடம்

பொன்னுரங்கம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தங்கதுரைக்கு அதற்கப்பால் யோசனை ஓடாது. முறைக்கு அவர் பெரியப்பா மகன். ஆனால் அந்த உறவுக்காக மட்டும் இல்லை. மலையடிவாரத்து ஊர்கள் அத்தனைக்கும் சங்கத்தின் தலைவர் அவர்தான். மைக் இல்லாமலே ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற குரல். "நாம கெழங்கு புடுங்கறோம், நெல்லு அறுக்கறோம். நம்ம வூட்டுப் புள்ள ஒண்ணு ஊசி போடற எடத்துல உக்காந்திருக்குதா? கையெழுத்துப் போடற எடத்துல உக்காந்திருக்குதா?" என்று அவர் கூட்டத்தில் கேட்கும்போது தங்கதுரை எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டுவான்.

இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த அந்தப் புரட்டாசியில், சங்கராபுரம் ரோட்டில் முதல் புளியமரத்துக்குக் கோடாலி வைத்தவன் தங்கதுரைதான். போலீஸ் ஊருக்குள் வந்ததும் பொன்னுரங்கத்தை இருட்டோடு இருட்டாகக் கல்வராயன் மலைமேல் கூட்டிப் போய், தனக்குப் பழக்கமான மலைக்காரர் ஒருவரின் சாமைக் காட்டுக் கொட்டாயில் இருக்க வைத்தவனும் அவன்தான். அரிசி, கருவாடு, சுருட்டு என்று தலைச்சுமையாய்த் தூக்கிக்கொண்டு மழையில் வழுக்குகிற பாதையில் ஏறி இறங்கினான். அப்படி ஒரு நாள் இறங்கி வரும்போது அடிவாரத்தில் மடக்கிப் பிடித்தார்கள். பொன்னுரங்கம் எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். இடது தோள்பட்டை இறங்கிப்போனது. அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தீபாவளி அவனுக்குக் கடலூர் ஜெயிலில் போனது.

வெளியே வந்தபோது பொன்னுரங்கம் ஊர் எல்லையிலேயே நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார். "தொரை, நீ பட்ட அடி வீண் போவாது. நம்ம புள்ளைங்க காலத்துல தெரியும்" என்றார். தங்கதுரை அன்றைக்கு அழுதான். வலிக்காக அழவில்லை.

அவன் மகள் விஜயலட்சுமி அந்த வருஷம் சங்கராபுரத்தில் பிளஸ் டூ படித்தாள். பங்குனியில் பரீட்சை முடிந்த நாலாம் நாள், உயிரியல் வாத்தியார் கலைவாணன் சார் புழுதி பறக்க வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்கினார். தங்கதுரையும் அவன் மனைவி ராணியம்மாளும் வாசலில் மரவள்ளிக் குச்சிகளை நடவுக்காகக் கத்தை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பரீட்சை நல்லா எழுதியிருக்கு. அதுல சந்தேகம் இல்லீங்க" என்றார் சார், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து. "ஆனா டாக்டர் படிப்புக்கு அது மட்டும் பத்தாது. நுழைவுத்தேர்வு ஒண்ணு இருக்குது. அது வேற மாதிரி. ஒரு கேள்விக்கு நாலு பதில் போட்டிருப்பான், நாலுமே சரி மாதிரி தெரியும். நிமிஷத்துல கண்டுபிடிச்சுக் குறிக்கணும். நாங்க பள்ளிக்கூடத்துல அதுக்குப் பழக்கல."

"அதுக்கு இன்னாங்க பண்றது?" என்றாள் ராணியம்மாள்.

"சேலத்துல எனக்குப் பாடம் நடத்துன புரொபசர் ரிட்டயர்டு ஆயிட்டு கிளாஸ் வைக்கிறாரு. வரவங்களையெல்லாம் சேக்க மாட்டாரு. ஒரு டெஸ்ட் வச்சு எடுப்பாரு. போன மாசம் பள்ளிக்கூடத்துல நான் ஒரு டெஸ்ட் வச்சேன் இல்ல, அது அவர் அனுப்புன டெஸ்ட்டுதான். நம்ம பக்கத்துலேருந்து ரெண்டு பேருக்கு எடம் கொடுத்திருக்காரு. உங்க விஜயா ஒண்ணு. பச்சமுத்து பொண்ணு கண்ணகி ஒண்ணு. தங்கறதுக்கு அங்கயே பொம்பளப் புள்ளைங்களுக்கு வூடு இருக்கு, பாத்துக்க ஒரு அம்மா இருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள வரோம்னு சொல்லிடணும்."

ராணியம்மாள் எழுந்து உள்ளே போய் வேகவைத்த கிழங்கையும் மிளகாய்த் துவையலையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் முகம் விளக்கு ஏற்றினது மாதிரி இருந்தது. விஜயா நிலைப்படியில் நின்று அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சந்தோசங்க சார்" என்றான் தங்கதுரை. "அண்ணன ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்லிடறேன்."

சார் கிழங்கைப் பிட்டபடியே அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

பொன்னுரங்கம் மோட்டார் கொட்டாய் பக்கத்து வேப்பமரத்தடியில் இருந்தார். கரும்புக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு எடமா?" என்றார்.

"ஆமாங்ணா. விஜயாவுக்கும் கண்ணகிக்கும்."

"நம்ம சுபாஷும் அந்த டெஸ்ட்ட எழுதினான். வரல." சிரித்துக்கொண்டார். "அது கெடக்குது. நான் சொல்லணும்னு இருந்தேன், நீயே வந்துட்ட. தொரை, சங்கமே கிளாஸ் வைக்கப் போவுது. சின்னசேலத்துல. ஸ்டேசனுக்குப் பக்கத்துல கல்யாண மண்டபம் பேசிக்கினு இருக்கேன். சிதம்பரத்துலேருந்து நம்ம சனத்து வாத்தியாருங்களே வராங்க. சித்திரை பொறந்ததும் ஆரம்பம். நம்ம புள்ளைங்க அம்பது பேரு ஒரே எடத்துல உக்காந்து படிக்கப் போவுது."

தங்கதுரைக்கு அந்தக் காட்சி அப்படியே கண்ணில் வந்துவிட்டது.

"அப்ப சேலம்?"

"சேலத்துல எவன் நடத்தறானோ, எந்த சனமோ. நம்ம புள்ளைய பின்னால பெஞ்சில உக்கார வைப்பான். போறதுன்னா போவட்டும், நான் தடுக்கல. ஆனா ஒண்ணு. ஜெயிலுக்குப் போன உன் வூட்டுப் பொண்ணே நம்ம கிளாசுக்கு வரலன்னா, மத்தவன் எவன் அனுப்புவான்? நீயே சொல்லு."

அவ்வளவுதான். தங்கதுரைக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கிளம்பும்போது பொன்னுரங்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "பச்சமுத்துகிட்டயும் நீயே சொல்லிடு. நீ சொன்னா கேப்பான்."

வீட்டில் ராணியம்மாள் கேட்டுவிட்டுக் களி கிண்டுவதை நிறுத்தினாள்.

"இன்னும் ஆரம்பிக்காத கிளாசுக்காக, இருக்கற கிளாச வேணாங்கறீங்களா?"

"ஆரம்பிக்கும். அண்ணன் சொன்னா செய்வாரு."

"அவரு கூட்டம் போடுவாரு. கிளாஸ் போட்டிருக்காரா? வாத்தியாரே வூடு தேடிக்கினு வந்து எடம் கொடுக்கறாரு. அத்த வுட்டுட்டு..."

"வெவரம் தெரியாம பேசாத. இது நம்ம பொண்ணு ஒருத்தி விசயம் இல்ல. சனத்து விசயம்."

"எனக்கு நம்ம பொண்ணு விசயந்தான்" என்றாள் ராணியம்மாள். துடுப்பை எடுத்து மறுபடியும் கிண்டத் தொடங்கினாள். களி அடிபிடித்து வாசம் வந்தது.

விஜயா மட்டும் நிதானமாகக் கேட்டாள். "யாருப்பா நடத்தறாங்க? பேரு தெரியுமா?"

"சிதம்பரத்து வாத்தியாருங்கம்மா."

"தினமும் இருக்குமா, வாரத்துல ரெண்டு நாளா?"

அவனுக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் நல்லாத்தான் வச்சிருப்பாரு. நம்ம கிளாசு விஜயா. நீதான் மொத ஆளு."

அவள் கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்தாள். பிறகு, "நீ சொன்னா சரிப்பா" என்றாள்.

பச்சமுத்துவின் காடு தங்கதுரை காட்டுக்கு அடுத்த வரப்பு. மாமன் மச்சான் உறவு. அவன் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணகி ரெண்டு நாளா பொட்டிய தொடச்சு வச்சுக்கினு கெடக்குது மச்சான். சேலம் சேலம்னு அதே பேச்சு" என்று தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ இன்னா சொல்ற?"

"சின்னசேலத்துக்கே அனுப்பு. பொறுப்பு எனக்கு" என்றான் தங்கதுரை.

வியாழக்கிழமை சைக்கிளில் சங்கராபுரம் போய்க் கலைவாணன் சாரிடம் சொன்னான். சார் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டு வகுப்புக்கு வெளியே வந்து கேட்டார். "நல்லா யோசிச்சீங்களா? வுட்ட எடம் திரும்பி வராதுங்க."

"யோசிச்சுட்டேங்க சார்."

சித்திரை பிறந்தது. மலைமேல் தினமும் மாலையில் மேகம் திரண்டு, கீழே இறங்காமலே கலைந்துபோனது. நிலத்தில் கிழங்கு முற்றி நின்றது. குச்சியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, இடுப்பைக் கொடுத்து இழுத்தால் வெடித்த மண்ணோடு கொத்தாகக் கிழங்கு மேலே வரும். தங்கதுரைக்கு இடது தோள் ஒத்துழைக்காது. விஜயா வலது பக்கம் நின்று இழுப்பாள். வெயில் ஏறினதும் இருவரும் கூழைக் குடித்துவிட்டு நிழலில் உட்காருவார்கள். அவள் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். விரலில் மண் ஒட்டியிருப்பதால் பக்கத்தை முழங்கையால் திருப்புவாள். கண்ணகியும் சில நாள் வருவாள். இருவரும் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொள்வார்கள். கண்ணகிக்குச் சத்தமாக யோசிக்கிற பழக்கம். இதயத்துக்குள் ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று வரப்பில் நின்று கையை ஆட்டி ஆட்டி அவள் சொல்வதை, கிழங்கு வெட்டுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

கிளாஸ் ஆரம்பிக்கவில்லை. தங்கதுரை கேட்கும்போதெல்லாம் பொன்னுரங்கத்திடம் ஒரு பதில் இருந்தது. மண்டபத்தில் முகூர்த்தம் ஜாஸ்தி. வாத்தியார்களுக்குக் காலேஜ் பரீட்சை வேலை. அடுத்த வாரம். அதற்கடுத்த வாரம். பிறகு அவரை வீட்டில் பார்ப்பதே கடினமாகிவிட்டது. சங்க வேலையாக வெளியூர் என்றார்கள்.

"கண்ணகியப் பொண்ணு பாக்க சின்னசேலம் பக்கத்துலேருந்து வந்துட்டுப் போனாங்க" என்றாள் ஒருநாள் ராணியம்மாள். "படிப்புக்கு ஒண்ணும் வழி தெரியல, சும்மா வூட்டுல எத்தினி நாளு வச்சிருக்கறதுன்னு பச்சமுத்து அண்ணன் பேசுது."

தங்கதுரை மண்வெட்டியை எடுத்து ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.

"நாளைக்குக் கெழங்கு லோடு சேலம் போவுது இல்ல, நீங்களும் லாரியிலே போறீங்க இல்ல? மில்லுல எறக்கிட்டு அந்த கிளாசுக்குப் போங்க. எடம் கொடுக்கலன்னாலும் பரவால்ல. அங்க கொடுக்கற கேள்வித்தாளையாவது கைல கால்ல வுழுந்து வாங்கிக்கினு வாங்க."

கிழங்கைப் பிடுங்கின அன்றைக்கே ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கிடந்தால் மாவுச்சத்து இறங்கிவிடும். லாரிமேல் கிழங்குக் குவியலில் சாய்ந்தபடி தங்கதுரை சேலம் போய்ச் சேர்ந்தான். மில்லில் எடை போட்டு, விலைக்கான மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து, இறக்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தொட்டியில் கைகாலைக் கழுவிக்கொண்டு டவுன் பஸ் ஏறினான். கலைவாணன் சார் சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்தான்.

மாடி வீடு. திறந்த ஜன்னல் வழியாக ஒரு பெரியவரின் குரல் நிறுத்தி நிறுத்திக் கேட்டது. ஒரு கேள்வி, கொஞ்சம் மௌனம், பல குரல்கள் ஒன்றாக ஒரு எழுத்தைச் சொல்லும். "ஏன் பி இல்லை?" என்று குரல் கேட்கும். யாரோ ஒரு பெண் எழுந்து விளக்கம் சொல்வாள். தங்கதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எதிர்த்த வீட்டுச் சுவரோரம் நின்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். விஜயா எழுந்து நின்று சொல்வது போலவே இருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் படியிறங்கி வந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் இவனைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பொன்னுரங்கத்தின் மகன் சுபாஷ்.

"சித்தப்பா. நீங்க எங்க இங்க?"

"கெழங்கு லோடு வந்துச்சு." தங்கதுரை தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தான். "நீ இன்னா பண்ற இங்க?"

"கிளாசுக்குத்தான் சித்தப்பா. பங்குனி கடைசியிலயே சேந்துட்டேன். அப்பா சொல்லலீங்களா?"

"உனக்குத்தான் டெஸ்ட்ல வரலயே."

பையன் கீழே பார்த்தான். "மொதல்ல வரல. அப்புறம் விஜயாவும் கண்ணகியும் வேணான்னுட்டாங்கன்னு எடம் காலியாச்சு இல்லீங்களா. அப்பா நேர்ல வந்து பேசினாரு. ஒரு எடத்துல என்ன சேத்துக்கினாங்க. இன்னொண்ணுல திருநாவலூர் மாமா பையன்."

"அவங்க வேணான்னாங்களா?"

"பொம்பளப் புள்ளைய வெளியூர்ல தங்க வைக்க உங்களுக்கு இஷ்டமில்லன்னு அப்பா சொன்னாருங்க."

தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"சின்னசேலத்துல சங்கத்து கிளாசு?"

"அது எப்பவோ இல்லன்னு ஆயிடுச்சே சித்தப்பா." சுபாஷுக்கு அப்போதுதான் என்னவோ உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது. "நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?"

பையன் அவசரமாகப் பையைத் திறந்து அதுவரை கொடுத்த கேள்வித்தாள்கள் அத்தனையையும் எடுத்து நீட்டினான். "விஜயாகிட்ட கொடுங்க. நான் வேற யாருதயாவது பாத்து எழுதிக்கறேன்." அவன் கெட்ட பையன் இல்லை. அதுதான் தங்கதுரையை இன்னும் வாட்டியது. வாங்கமாட்டேன் என்று சொல்ல ஆசை. மகளுக்காக வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டான்.

ஊர் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மோட்டார் கொட்டாய்க்குப் போனான். சாயங்கால வெயில் கரும்புத் தோகைமேல் கிடந்தது. பொன்னுரங்கம் இருந்தார். அவன் துண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கேள்வித்தாள்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காரு தொரை."

"நிக்கறேன்."

"சுபாஷப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாப் படிக்கிறான்."

பொன்னுரங்கம் சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு முறை அணைந்துபோனது. "கிளாஸ் வைக்கணும்னு நெனச்சது பொய்யில்ல. சத்தியமா நெனச்சேன். மண்டபத்துக்காரன் கைய விரிச்சுட்டான். வாத்தியாருங்களும் வரலன்னுட்டாங்க. நான் இன்னா பண்றது?"

"எப்பங்ணா கைய விரிச்சான்?"

அவர் மறுபடியும் தீப்பெட்டியைத் தேடினார்.

"நான் சாருகிட்ட வேணான்னு சொல்றதுக்கு முன்னயா, பின்னயா?"

தண்ணீர் வாய்க்காலில் சலசலத்துக்கொண்டு ஓடியது. பொன்னுரங்கம் ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசினார். அந்தக் குரலை தங்கதுரை அதுவரை கேட்டதில்லை.

"முன்னதான். அதுக்கு மொத நாளு. இங்க பாரு தொரை. என் பையனுக்கு மார்க்கு கம்மி. அந்தக் கிளாசு இல்லன்னா அவனுக்கு வழியே கெடையாது. உன் பொண்ணு கெட்டிக்காரி. எங்க படிச்சாலும் எழுதிடும்னு நெனச்சேன்."

"ஒரு எடம் உன் பையனுக்கு. இன்னொரு எடம் உன் மச்சான் பையனுக்கு. அத்தயாவது பச்சமுத்து பொண்ணுக்கு வுட்டிருக்கலாம்."

"மச்சானுக்கு வாக்கு கொடுத்துட்டேன். சங்கம் வேற, வூடு வேற தொரை. வூட்டையும் பாக்கணும் இல்ல?"

"அது ரெண்டும் ஒண்ணுன்னு நீதான சொன்ன. அத்த நம்பித்தான் நான் அடி வாங்கினேன்." தங்கதுரையின் குரல் உயரவில்லை. "நீ எங்க இருக்கன்னு கேட்டு அடிச்சாங்க. எனக்கும் வூடு இருந்துச்சு. அப்ப நான் வேற வேறன்னு பிரிச்சுப் பாக்கலங்ணா."

பொன்னுரங்கம் எழுந்து அவன் கையைப் பிடிக்க வந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. நான் சேலத்துல பேசறேன்..."

"வேணாம். நீ எதுவும் பேசாத" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தான்.

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ராணியம்மாள் முழுதும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். விஜயா கேள்வித்தாள்களை மடியில் வைத்து மூலைகளை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"பெரிப்பா இப்படிப் பண்ணுவாருன்னு நான் கனவுலகூட நெனைக்கலம்மா" என்றான் தங்கதுரை. "கூடப் பொறந்தவனா நம்பினேன். ஏமாத்திட்டாரு."

"உன்ன ஏமாத்திட்டாருப்பா" என்றாள் அவள். "நான் அவர நம்பவே இல்ல. நான் உன்னத்தான் நம்பினேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியைத் திருத்துவது போலச் சொன்னாள். தங்கதுரைக்குக் போலீஸிடம் வாங்கின எந்த அடியும் இப்படி இறங்கியதில்லை.

மறுநாள் காலை சங்கராபுரம் போய்க் கலைவாணன் சாரைப் பார்த்துவிட்டு, வந்ததும் பச்சமுத்துவைத் தேடிப் போனான். அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

"கலைவாணன் சாரு காலையில வூட்டுலயே சொல்லித் தரேங்கறாரு" என்றான் தங்கதுரை. "விஜயா போவுது. கண்ணகியையும் அனுப்பு. இன்னும் நாளு இருக்குது."

"நேத்து தட்டு மாத்தியாச்சு மச்சான். ஆவணியில கல்யாணம்." பச்சமுத்து தவிட்டைக் கிளறினான். "அவங்க வூட்டுல படிச்சது போதும்னுட்டாங்க. நான் வேணான்னு சொல்லியிருப்பேன். கிளாசு வரும் வரும்னு நீ சொன்ன வரைக்கும் சொல்லிக்கினுதான் இருந்தேன்."

உள்ளேயிருந்து கண்ணகி எட்டிப் பார்த்தாள். "வாங்க மாமா" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவர்கள் யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டு வந்திருப்பான்.

விஜயா விடிந்ததும் முதல் பஸ்ஸில் சங்கராபுரம் போய்ச் சார் வீட்டில் படித்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவாள். நுழைவுப் பரீட்சை கடலூரில். தங்கதுரை கூடப் போய் வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தவள், "கடைசியில நேரம் பத்தல. இருபது கேள்வி பாக்காமலே வுட்டுட்டேன். பழக்கம் இல்ல" என்று மட்டும் சொன்னாள். முடிவு வந்தபோது டாக்டர் சீட்டு கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தது. சுபாஷுக்குக் கிடைத்தது. திருநாவலூர்ப் பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் பாதியிலேயே கிளாசைவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று பிறகு தெரியவந்தது. கண்ணகியின் இடம் யாருக்கும் உதவாமல் வீணானது.

ஆவணியில் கண்ணகிக்குக் கல்யாணம் நடந்தது. தங்கதுரை பந்தியில் சாம்பார் வாளி தூக்கினான். விஜயா அந்த வருஷம் எந்தக் காலேஜிலும் சேரவில்லை. பகலில் காட்டு வேலை செய்தாள். மற்ற நேரம் படித்தாள். அப்பனோடு பேசினாள், சோறு போட்டாள், தோளுக்கு எண்ணெய் சூடு பண்ணிக் கொடுத்தாள். ஆனால் எதையும் அவனிடம் கேட்பதை விட்டுவிட்டாள்.

அடுத்த பங்குனியில் இடஒதுக்கீட்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். சங்கராபுரத்தில் பெரிய கூட்டம். ஜெயிலுக்குப் போனவர்களுக்கெல்லாம் மேடையில் சால்வை என்று பொன்னுரங்கம் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர்கள் வேன் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க பேருதான் மொதப் பேரு. வாங்கண்ணே."

"கெழங்கு புடுங்கணும்" என்றான் தங்கதுரை.

"இன்னைக்கு ஒரு நாளு பொறுக்காதா? நீங்க கேட்டதுதான கெடைச்சிருக்குது."

"கெடைச்சது நல்லதுதான். அதுக்கு சந்தோசந்தான். நீங்க போங்க."

அவன் பொய் சொல்லவில்லை. சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை யாரோடு பங்கு போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை. காட்டில் தனியாகக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். மேல்காற்றில் ஒலிபெருக்கி விட்டு விட்டுக் கேட்டது. பொன்னுரங்கத்தின் குரல்தான். "நம்ம வூட்டுப் புள்ள ஒண்ணு இன்னைக்கு டாக்டருக்குப் படிக்குது" என்றது. கைதட்டல் கேட்டது. சுபாஷை மேடையேற்றியிருப்பார்கள். ஒற்றைத் தோளால் இழுத்ததில் ஒரு கொத்து பாதியில் முறிந்து, கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. மண்வெட்டியை எடுத்துத் தோண்டத் தொடங்கினான்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ராணியம்மாளும் விஜயாவும் பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து வந்தார்கள். இருவரும் நல்ல சேலை, நல்ல தாவணியில் இருந்தார்கள்.

"கூட்டத்துக்கா போனீங்க?" என்றான்.

"சேலம் போயிட்டு வரோம்" என்றாள் ராணியம்மாள்.

விஜயாதான் சொன்னாள். "மூணு எடம் பாத்தோம்பா. புரொபசர் கிளாசுல இந்தத் தடவ கூட்டம் ஜாஸ்தி. ஒரு ரூமுல எண்பது பேரு. இன்னொரு எடத்துல வாத்தியாரு பாஸ் ஆனவங்க போட்டோவையே காட்டிக்கினு இருந்தாரு, பாடத்தப் பத்திப் பேசல. மூணாவது ஒரு மேடம் நடத்தறாங்க. சின்ன கிளாசு. உக்காந்து பாக்கட்டுமான்னு கேட்டேன், உக்காருன்னாங்க. தினமும் நேரம் வச்சு எழுத வைக்கிறாங்க. எனக்கு அதான் வராதது. அங்கயே சேந்துட்டேன். திங்கட்கெழம போவணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"சொன்னா நீங்க யாரையாவது கேக்கணும்பீங்க" என்றாள் ராணியம்மாள். குத்திக்காட்டுகிற மாதிரிகூட இல்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

திங்கட்கிழமை தங்கதுரை பெட்டியை வலது தோளில் வைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு முன்னால் நடந்தான். அம்மாவும் மகளும் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். நிறுத்தத்தில் பச்சமுத்துவின் மனைவியோடு கண்ணகி நின்றிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிறாள். வயிறு முன்தள்ளியிருந்தது. கை நிறைய வளையல். விஜயாவைப் பார்த்ததும் ஓடாத குறையாய் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த கிளாசு?"

விஜயா சொன்னாள். கண்ணகி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்கு, உயிரியல் யார், கேள்வித்தாளைக் கையிலேயே கொடுத்துவிடுவார்களா. விஜயா சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தது. தங்கதுரை ஏணியில் ஏறிப் பெட்டியை மேலே வைத்துக் கட்டிவிட்டு இறங்கினான். விஜயாவும் ராணியம்மாளும் முன்பக்கமாக ஏறிக்கொண்டார்கள்.

கண்ணகி பின்படியருகே நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாமல் ஒரு கணம் திணறினாள். தங்கதுரை கை நீட்டினான். அவள் அதைப் பிடித்து ஏறி, மேல்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"மாமா, நான் அந்த சேலத்து டெஸ்ட்ல விஜயாவவிட மார்க்கு ஜாஸ்தி. சாரு உங்ககிட்ட சொன்னாரா?"

சார் சொல்லவில்லை. தங்கதுரையும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா" என்றான்.

"சும்மா கேட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் உட்கார இடம் தேடினாள். கண்டக்டர் விசில் கொடுத்தான்.